நாற்பத்தொரு பச்சை, ஒரு சிவப்பு

சுவரில் எங்கே ஒட்டடை இருக்கிறது என்று ஆயாம்மாவுக்குக் காட்டுவதற்குக்கூட அவர் லேசர் பேனாவைத்தான் எடுக்கிறார். நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார். சிவப்புப் புள்ளி கூரையில் ஊரும், ஜன்னல் கம்பியில் இறங்கும், மூலையில் போய் நின்று துடிக்கும். ஆயாம்மா துடைப்பத்தோடு அதன் பின்னாலேயே போவார். "அங்க... இன்னும் கொஞ்சம் லெஃப்ட்ல... ஆங், அதான்!" கேன்டீனில் எந்த பன் வேண்டும் என்பதையும் கண்ணாடிப் பெட்டியின்மேல் புள்ளி வைத்துத்தான் சொல்வார்.

எங்கள் கல்லூரியில் கற்பித்தல் தொழில்நுட்பத்துக்குப் பொறுப்பாளர் அவர். எந்த வகுப்பில் எந்தக் கருவியை எப்போது நுழைப்பது என்று ஐந்தாண்டுத் திட்டம் போட்டவர். வணிகவியல் பேராசிரியர் என்று பெயர்ப்பலகை சொல்கிறது. ஆனால் வகுப்பறையில் நின்று பாடம் நடத்தி ஆறு வருடம் ஆகிறது. பாடம் நடத்துவதை விட்டுவிட்டவரிடம், எல்லோரும் எப்படிப் பாடம் நடத்த வேண்டும் என்று திட்டம் போடச் சொல்வதில் எங்கள் முதல்வருக்கு எந்த நெருடலும் இல்லை. நான் நூலகர். திட்டக் குழுவில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. வாக்கு கிடையாது, வாயும் கிடையாது. அந்த வயிற்றெரிச்சலை இங்கே கொட்டுகிறேன்.

நூலகத்தின் ஓர் அறையைப் பிடுங்கித்தான் அவருக்கு மையம் அமைத்தார்கள். நடுவில் ஒரு பிளைவுட் தடுப்பு. அவர் கொட்டாவி விட்டால்கூட எனக்குக் கேட்கும். அறையின் பின்சுவரில் பழைய கரும்பலகை ஒன்று இருந்தது. அதைப் பெயர்த்தெடுக்க ஆள் வராததால் அதன்மேல் திட்டத்தின் பேனரைத் தொங்கவிட்டு மறைத்துவிட்டார். பேனரில் அவர் படமும் உண்டு. வருடம் முழுக்கப் போட்டுக்கொள்ளும் அதே கருநீலக் கோட்டில், கையைக் கட்டிக்கொண்டு, தொலைவில் எதையோ பார்த்தபடி நிற்கிறார்.

முன்சுவரில் இருப்பது ஸ்மார்ட் போர்டு. அதன் பேனாவை ஓரிடத்தில் வைத்தால் கோடு ஒரு சாண் தள்ளி விழும். ஆங்கில ஆசிரியர் ஒருவர் அதில் தன் பெயரை எழுதிப் பார்த்தார். பாதி பெயர் போர்டுக்கு வெளியே போய்விட்டது. "அதெல்லாம் செட்டிங்ஸ்தான் சார். செகண்ட் ஃபேஸ்ல பாத்துக்கலாம்" என்றார் நம்மவர்.

செகண்ட் ஃபேஸ் என்பதுதான் அவருடைய மந்திரம். மின்சாரம் போனால்? செகண்ட் ஃபேஸ். போன் இல்லாத மாணவர்கள்? செகண்ட் ஃபேஸ். ஆசிரியர்களுக்குப் பயிற்சி? "அது கண்டிப்பா உண்டு சார், செகண்ட் ஃபேஸ்ல." கல்லூரியில் அவருக்கு வேறு பெயரே கிடையாது. "செகண்ட் ஃபேஸ் வந்துட்டாரா?" என்றுதான் வாட்ச்மேன்கூடக் கேட்கிறார். ஃபர்ஸ்ட் ஃபேஸில் என்ன நடந்தது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினேன். போர்டு வந்தது, பேனர் வந்தது, அவருக்கு ஒரு சுழல் நாற்காலி வந்தது.

பச்சை, சிவப்புக் கட்டங்களைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் திரையில், நூலகரான என்னையும் சேர்த்து, ஆசிரியர் ஒருவருக்கு ஒரு கட்டமாக நாற்பத்திரண்டு கட்டங்கள். மாதத்தில் முந்நூறு நிமிடம் மையத்தின் வீடியோக்களை ஓடவிட்டால் கட்டம் பச்சை, குறைந்தால் சிவப்பு. யார் பார்த்தார்கள், யாருக்குப் புரிந்தது என்றெல்லாம் கணினி கேட்காது. அவரும் கேட்க மாட்டார். வீடியோவை ஓடவிட்டுவிட்டு மவுஸைக் கால் மணி நேரம் தொடாமல் இருந்தால் அது தானே நின்றுவிடும். அதற்கும் வழி கண்டுபிடித்தார்கள். "தூசி தட்டுறப்ப அந்த மவுஸையும் ஒரு தட்டுத் தட்டிட்டுப் போம்மா" என்று ஆளாளுக்கு ஆயாம்மாவிடம் சொல்லிவைத்தார்கள். ஆளில்லாத அறைகளில் வீடியோ ஓடும், மின்விசிறி சுற்றும், ஆயாம்மா தட்டிவிட்டுப் போவார். எங்கள் கல்லூரியின் டிஜிட்டல் புரட்சி முழுவதும் அந்த அம்மாளின் துணியில்தான் நடந்தது. என் கட்டமும் பச்சைதான். செய்தித்தாள் அடுக்குக்கு எதிரே தினமும் ஒரு வீடியோவை ஓடவிடுகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரே ஒரு கட்டம் மட்டும் மாதாமாதம் சிவப்பு. கணக்கு மேடத்தினுடையது. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் ஒப்பந்த வேலை அவருடையது. இரண்டு பஸ் மாறி வருகிறார். அவர் வகுப்பு நடக்கும்போது வேறு துறைப் பிள்ளைகள் ஜன்னலோரம் நின்று கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். "ஏம்மா, ஒரு வீடியோவத் தட்டிவிட்டுட்டுப் போக வேண்டியதுதானே?" என்று கேட்டேன்.

"அது ஓடுற நேரத்துல நான் ஒரு கணக்குப் போட்டுருவேனே சார். வீடியோவுக்குப் பசங்க மூஞ்சி தெரியுமா? எனக்குத் தெரியணும்."

அவர் கருவிகளுக்கு எதிரி என்று நினைத்துவிட வேண்டாம். கருவி வேண்டும் என்று கேட்டவரே அவர் ஒருவர்தான். கடைசி பெஞ்சில் காது சரியாகக் கேட்காத மாணவி ஒருத்திக்காக ஒரு மைக்கும் ஸ்பீக்கரும், வளைகோடுகளைத் திருப்பித் திருப்பிக் காட்ட ஒரு மென்பொருளும் வேண்டும் என்று மனு எழுதிக் கொடுத்தார். நம்மவர் மனுவை மேலிருந்து கீழாக ஒரு புள்ளி ஓட்டிப் படித்தார். "இது பிளான்ல இல்லியே மேடம். செகண்ட் ஃபேஸ்ல பாத்துக்கலாம். நீங்க மொதல்ல உங்க கட்டத்தப் பச்சை பண்ணுங்க." மனு பிறகு அவருடைய டீ டம்ளருக்கு அடியில் கிடந்தது.

போன மாதம் நம்மவர் வீட்டிலேயே கணக்கு உதைத்தது. அவர் மகள் எங்கள் கல்லூரியில்தான் முதலாண்டு படிக்கிறாள், வேறு பிரிவில். இரண்டு தேர்விலும் கணக்கில் கோட்டை விட்டுவிட்டாள். மையத்தின் வீடியோ அத்தனையையும் மகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு நன்றாகக் கேட்டது.

"அப்பா, அதப் பாத்தா தூக்கந்தான் வருது. நீங்க பாத்துருக்கீங்களா, மொதல்லேருந்து கடைசி வரைக்கும்?"

அன்று மாலையே அவர் கணக்கு மேடத்தைக் கூப்பிட்டனுப்பினார்.

மறுநாளிலிருந்து ஒரு வாரம், கல்லூரி திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கணக்கு மேடம் வந்தார். கடைசி நாளன்று, தடுப்பில் வயர் போட விட்டிருந்த ஓட்டை வழியாகப் பார்த்தேன். என் வயதுக்கு அது அழகல்ல. நம்மவர் தன் படம் போட்ட பேனரைத் தானே சுருட்டி மேலே கட்டிக்கொண்டிருந்தார். உள்ளிருந்து கரும்பலகை வெளியே வந்தது. மேடம் கைப்பையிலிருந்து சாக்பீஸ் எடுத்தார். ஒரு வளைகோடு வரைந்து, பேசிக்கொண்டே போனவர் சட்டென்று நின்றார்.

"நெத்தி சுருங்குதேம்மா. எங்க விட்டுட்டேன்? 'அதனால'ன்னு சொன்னேனே, அந்த எடமா?"

"ஆமா மேடம். அந்த 'அதனால' எப்படி வந்துச்சுன்னே தெரியல."

மேடம் பாதிப் பலகையை அழித்துவிட்டு வேறு வழியாக வந்தார். பின்னால் போனை நோண்டிக்கொண்டிருந்த தகப்பனார் மெல்லப் போனைக் கவிழ்த்து வைத்தார். கழுத்தை நீட்டிப் பார்த்தார். "ஓ! இதுக்கா அது!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். மகள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஒரு நிமிடம் எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கிளம்பும்போது மேடம் வாசலில் தயங்கினார். "சார், இன்னிக்குக் கூட்டத்துல கான்ட்ராக்ட் லிஸ்ட் வருதாமே..."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் மேடம். நீங்க கவலைய விடுங்க."

மேடமும் மகளும் போனதும் நம்மவர் டஸ்டரை எடுத்துப் பலகையை அழித்தார். அவசரமாக அழித்தார். ஓரம், மூலை, மேடம் எழுதிய கடைசி எழுத்து வரை விடவில்லை. டஸ்டர் எட்டாத இடத்தைக் கையாலேயே துடைத்தார். பிறகு பேனரை அவிழ்த்துவிட்டார். அவர் படம் மறுபடி தொலைவைப் பார்த்தது.

பத்து மணிக்குக் கூட்டம். திரையில் நாற்பத்திரண்டு கட்டங்கள். "தொண்ணூத்தேழு சதவீதம் பச்சை சார்!" என்று அவர் சொன்னதும் முதல்வருக்குக் காது குளிர்ந்துவிட்டது. பிறகு கண் அந்த ஒன்றில் போய் நின்றது.

"அந்தச் சிவப்பு யாரு?"

புள்ளி அங்கே போனது. "கணக்கு மேடம் சார். கான்ட்ராக்ட்."

"பச்சைக்கே வராதவங்கள எதுக்குப் புதுப்பிக்கணும்? நிறுத்திரலாமா? எப்படி நடத்துறாங்க, நீங்க கிளாஸ் பாத்துருக்கீங்களா?"

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குறிப்பேட்டில் பேனாவை வைத்துக் காத்திருந்தேன்.  எனக்குப் பொறுக்கவில்லை.

"இன்னிக்குக் காலைலகூடப் பாத்தாரு சார்" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பிறகு அவரைப் பார்த்தார்கள்.

"அப்படியா? அப்ப நீங்களே சொல்லுங்க" என்றார் முதல்வர். "வேணுமா, வேணாமா? நீங்க சொல்றதுதான் முடிவு."

திரையில் புள்ளி அந்தக் கட்டத்தின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. அவர் குனிந்து தன் வலது கையைப் பார்த்தார். கருநீலக் கோட்டுக் கையின் விளிம்பில் சாக்பீஸ் தூள் வெள்ளை வெளேரென்று ஒட்டியிருந்தது. இடது கை விரலால் அதை ஒருமுறை சுண்டினார், இன்னொரு முறை சுண்டினார். போகாததை மேசைக்கு அடியில் கொண்டுபோய்த் தேய்த்துவிட்டு, அடுத்த பக்கத்துக்கான பொத்தானை அமுக்கினார்.