இழுப்பறையில் இருந்த பம்ப்

வாடகை வீடு மாறுகிறவர்கள் எல்லாருக்கும் அவரைத் தெரியும். பீரோவை மாடிப்படியில் இறக்கும்போது அவர் கீழ்ப்பக்கம் நின்று பாரத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு, "மெல்ல, மெல்ல" என்று சொல்லிக்கொண்டே பின்னால் அடி வைப்பார். மேலே பிடித்திருக்கும் கூட்டாளிக்கும் சொல்வார், பீரோவுக்கும் சொல்வார். கேட்டுக் கேட்டு ஜனங்கள் அவருக்கு மெல்லக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை ரேஷன் கடையில் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி இருந்தது. பச்சை நிறம், உருண்ட முகம், வட்ட விளக்குகள், பின்னால் மரப்பலகை அடித்த தொட்டி. அந்த மாதிரி வண்டியைச் செய்வதைக் கம்பெனி நிறுத்தி ஒரு தலைமுறை ஆகியிருக்கும். சிக்னலில் நின்றால் பக்கத்து காரில் இருப்பவர்கள் ஃபோனில் படம் எடுப்பார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவர் வாங்கிய வண்டி அது. "நான் ரெண்டாவதா வந்தவதான். மூத்தவ வாசல்ல நிக்கிறா பாருங்க" என்று அவர் மனைவி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். பிள்ளை இல்லாத வீடு. அவள் ஒரு சலவைக்கடையில் துணிகளுக்கு அடையாளச் சீட்டுக் கட்டும் வேலை பார்த்தாள். வண்டிக்கு என்ன வந்தாலும் அவளுடைய தம்பியின் பட்டறைதான். வேறு யாரையும் மெல்லக்காரர் பானெட்டைத் திறக்க விட்டதில்லை.

மழைக்காலம் தொடங்கிய வாரத்தில் ஒரு லாரி முன்னால் போய்க்கொண்டிருந்தது. பள்ளத்தில் கிடந்த சேற்றை அள்ளி அவருடைய வண்டியின் முன் கண்ணாடி முழுக்க வீசிவிட்டுப் போனது. அவர் குமிழை இழுத்தார். எப்போதும் பானெட்டுக்குள் கிர்ரென்று ஒரு சத்தம் கேட்டு, கண்ணாடியில் இரண்டு கோடாகத் தண்ணீர் பீய்ச்சும். அன்று சத்தமும் இல்லை, தண்ணீரும் இல்லை. வைப்பர் மட்டும் ஓடிச் சேற்றை நன்றாகப் பூசிவிட்டது. ஓரங்கட்டி இறங்கி, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றித் துடைத்துவிட்டுக் கிளம்பினார். தண்ணீர் அடிக்கிற பம்ப் செத்துப்போயிருந்தது. பெரிய கோளாறு ஒன்றும் இல்லை. மூச்சு விடும் நேரத்தில் மாற்றிவிடலாம்.

அன்று முதல் சீட்டுக்கு அடியில் ஒரு பாட்டிலும் பழைய பனியனும் இருந்தன. வழியில் நிறுத்துவார், துடைப்பார், ஏறுவார். சேறு அடித்தால் துடைப்பது சரி. மழை விட்டு வெயில் காய்ந்த நாளிலும் துடைத்தார். கூட்டாளி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. "கண்ணாடி மங்கலா இருக்குடா, பம்ப் போனதுல இருந்து இப்படித்தான்" என்று மெல்லக்காரர் சொன்னபோது அவன் ஆமாம் என்று தலையாட்டி வைத்தான்.

பிறகு ஒரு வீட்டில், சாமான் ஏற்றிய வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கேட் தூணில் இடித்தார். தொட்டியின் ஓரத்தில் போர்வை சுற்றி நிறுத்தியிருந்த ஆளுயர நிலைக்கண்ணாடி போர்வைக்குள்ளேயே நொறுங்கியது. போர்வையை அவிழ்க்கவே வேண்டாம் என்று அந்த வீட்டம்மா கையைக் காட்டினார். மெல்லக்காரர் முன் கண்ணாடியையும் பம்பையும் காரணம் சொன்னார். பின்னால் வருவதற்கும் முன் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம் என்று கூட்டாளி அவரிடம் கேட்கவில்லை. நேராகச் சலவைக்கடைக்குப் போய் அவர் மனைவியிடம் கேட்டான். அடுத்த வாரம் வேறொரு வண்டியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

அவளுக்கு அது புதிய சேதி இல்லை. கொஞ்ச நாளாக அவர் அறைக்குள் வரும்போது நிலைப்படியைக் கையால் தொட்டுவிட்டு வந்தார். நடுவீட்டில் எப்போதும் கிடக்கிற முக்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டு, அதை யார் இங்கே போட்டது என்று கோபப்பட்டார். டம்ளருக்குப் பக்கத்தில் தேநீரை ஊற்றிவிட்டுச் சூடு பட்ட பிறகுதான் கையை எடுத்தார். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால் பாய்வார் என்று கேட்காமல் இருந்தாள்.

கூட்டாளி வந்து சொன்ன அன்று சாயங்காலம் அவள் தம்பியின் பட்டறைக்குப் போனாள். விஷயத்தைச் சொல்லி, வண்டியை எப்படியாவது அவரிடமிருந்து வாங்கி வைத்துக்கொள் என்றாள். பம்ப் இல்லாவிட்டாலும் வண்டி ஓடுமே என்றான் தம்பி.

"ஓட்டக்கூடாதுன்னு நீ சொல்லு. நான் சொன்னா எதிர்த்துப் பேசுவார். நீ சொன்னா கேப்பார்."

"பம்ப் மாட்டினதும் கேப்பாரேக்கா, வண்டியைக் குடுன்னு."

"மாட்டாத," என்றாள் அவள்.

தம்பி அப்படியே செய்தான். இந்த மழையில் கண்ணாடி கழுவ வழியில்லாமல் ரோட்டில் போகக்கூடாது, வண்டி பட்டறையிலேயே நிற்கட்டும், இவ்வளவு பழைய வண்டிக்கு பம்ப் லேசில் கிடைக்காது, தேடிப் பார்க்கிறேன் என்றான். சொல்லும்போதே பம்ப் அவன் மேஜை இழுப்பறையில் இருந்தது. வேறு வண்டிக்கு உரியது, ஆனால் இதற்கும் பொருந்தும். முதல் நாளே வாங்கி வைத்திருந்தான். மெல்லக்காரர் மறுபேச்சு இல்லாமல் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். இவ்வளவு சுலபமாகக் கொடுப்பார் என்று அக்காளும் தம்பியும் நினைக்கவில்லை. போட்ட திட்டம் பலித்தது என்று சந்தோஷப்பட்டார்கள்.

வண்டி நின்றதும் கண் டாக்டரிடம் போகலாம் என்று அவள் பேச்செடுத்தாள். அவர் கோபப்படவில்லை. ஒரு உடன்படிக்கை போட்டார்.

"வண்டி சரியாகட்டும். கண்ணாடியைக் கழுவிட்டு உக்காந்து பாக்கறேன். அப்பவும் மங்கலா இருந்துச்சுன்னா நீ கூப்பிடற இடத்துக்கு வரேன். அதுக்கு முன்னாடி என்னை இழுக்காத."

அவள் அன்றே தம்பியிடம் ஓடிப்போய் பம்பை மாட்டு என்று சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் நினைத்தாள். மாட்டியதும் நன்றாகத் தெரிகிறது என்று அடம்பிடித்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டால்? தெருவில் பள்ளிக்கூடம் விடுகிற நேரமாக இருந்தால்? துணிக்குச் சீட்டுக் கட்டும்போதெல்லாம் இதையே யோசித்தாள். ஆள் வீட்டில் பத்திரமாக இருக்கிறார், வெள்ளம் தலைக்கு மேல் போய்விடவில்லை, அவர் மனசு தானாக மாறட்டும் என்று தள்ளிப்போட்டாள். தம்பியும் அக்கா வாய் திறக்காமல் நாம் ஏன் என்று இருந்துவிட்டான்.

மெல்லக்காரர் காலையில் பட்டறைக்குப் போவார். கவிழ்த்துப் போட்ட டயரில் உட்கார்ந்து, பம்ப் வந்துச்சா என்று கேட்பார். சொல்லி வச்சிருக்கேன் மாமா என்பான் மச்சான். அதற்கு மேல் அவர் துருவியதில்லை. மத்தியானம் வரை வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, சுவரை ஒட்டி நடந்து வீட்டுக்கு வருவார். மழை முடிந்தது. பனி வந்து போனது. தெருவில் புழுதி பறக்க ஆரம்பித்தது.

ஒரு நாள் மச்சான் யாருடைய காரையோ ஓட்டிப் பார்க்க வெளியே போயிருந்தான். டயரில் ஒட்டியிருந்த கிரீஸ் மெல்லக்காரர் கையில் பட்டுவிட்டது. துடைக்கத் துணி வேண்டி மேஜை இழுப்பறையை இழுத்துத் துழாவினார். பிரிக்காத பிளாஸ்டிக் உறைக்குள் விரல் நீளத்தில் உருண்டையாக ஒன்று, நுனியில் குழாய் மாட்டுகிற மூக்கு, மேலே வயர் செருகுகிற இரண்டு தகடுகள். என்னவென்று பார்க்க அவருக்குக் கண் தேவைப்படவில்லை. மச்சான் திரும்பி வந்தபோது அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு டயரில் உட்கார்ந்திருந்தார்.

"இது எப்ப வந்துச்சு?"

மச்சானுக்குப் பொய் வாயில் வரவில்லை. "நீங்க வண்டியை விட்டப்பவே," என்றான்.

அவர் திட்டுவார் என்று அவன் காத்திருந்தான். மடியில் இருந்ததை எடுத்து நீட்டி, "சரி, மாட்டு" என்றார் அவர்.

இருவருமாகத்தான் மாட்டினார்கள். தண்ணீர் டப்பா பேட்டரிக்குப் பக்கத்தில் இருந்தது, வெயிலில் பழுத்து மஞ்சளாகிப் போய். அதைப் பிடித்திருந்த போல்ட்டுகள் துருவேறி அசைய மறுத்தன. எண்ணெய் விட்டு ஊறப்போட்டுக் கழற்ற வேண்டியிருந்தது. டப்பாவின் அடியில் பழைய பம்பைக் கழற்றியபோது ரப்பர் வளையம் கையோடு பொடிந்து வந்தது. புது வளையத்தைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து ஓட்டைக்குள் அழுத்தி, அதற்குள் பம்பின் கழுத்தைத் திருகி இறக்கினார்கள். மெல்லக்காரர் விரலாலேயே சுற்றித் தடவி, ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது என்று சொல்லி மறுபடி எடுக்கச் சொன்னார். பானெட்டின் மேலிருந்த துளைகள் தூசியில் அடைத்திருந்தன. மச்சான் குண்டூசியால் குத்தி விட்டான்.

முதலில் குமிழை இழுத்தபோது சத்தம் மட்டும் வந்தது, தண்ணீர் வரவில்லை. வயர் இடம் மாறியிருந்ததால் மோட்டார் தலைகீழாகச் சுற்றியது. மாற்றிச் செருகியதும் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு கூரை வரை போனது. மச்சான் தன்னையறியாமல் சிரித்துவிட்டான்.

மெல்லக்காரர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். குமிழை இழுத்தார், வைப்பரைப் போட்டார். மாதக்கணக்கில் படிந்திருந்த புழுதி வழிந்து இறங்கி, கண்ணாடி சுத்தமானது. மறுபடி இழுத்தார். மறுபடி வைப்பர். டப்பாவில் தண்ணீர் தீர்ந்து பம்ப் வெறுமனே உறுமுகிற வரைக்கும் இழுத்துக்கொண்டே இருந்தார். பிறகு விட்டார்.

"மச்சான், எங்க இருக்க?"

"உங்க எதிர்லதான் நிக்கிறேன் மாமா," என்றான் மச்சான். பானெட்டில் கை ஊன்றி, கண்ணாடிக்கு வெளியே ஒரு முழ தூரத்தில் நின்றுகொண்டிருந்தான்.

மறுநாள் கண் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சொன்ன சொல்படி அவர் அவள் கூப்பிட்ட இடத்துக்கு வந்தார். தாடையை ஒரு மேடையில் வைத்து நீல வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். பிறகு இருட்டறையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் தலையைக் குனிய வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் அழுத்தச் சொன்னார்கள். அவர் பொத்தானைப் பிடித்தபடி சும்மா இருந்தார். புரியவில்லை போல என்று அந்தப் பரிசோதனைப் பெண் மறுபடி விளக்கினாள். புரியுதும்மா என்றார் அவர்.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போயிருக்கிறது, போன பார்வை எந்த ஆபரேஷனிலும் வராது என்றார் டாக்டர். வலது கண்ணில் ஒன்றும் மிச்சமில்லை. இடது கண்ணில் சாவித் துவாரம் அளவு இருக்கிறது. சொட்டு மருந்து போட்டால் அதைக் கொஞ்ச காலம் காப்பாற்றிப் பார்க்கலாம். "மழை சமயத்துலயே வந்திருந்தீங்கன்னா நடமாடற அளவுக்காவது நிறுத்தியிருக்கலாம்" என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் காதில் அது மட்டும்தான் விழுந்தது.

வெளியே மருந்துக்காகக் காத்திருந்த பெஞ்சில் அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தம்பி மேல் தப்பில்லை, மாட்டாதே என்றது நான்தான் என்றாள். அவர் முகத்தைத் திருப்பாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பம்ப் போறதுக்கு முன்னாடியே ஒரு நாள் கண்ணாடி மங்கலா இருக்கேன்னு தலையை ஜன்னலுக்கு வெளிய நீட்டிப் பாத்தேன்," என்றார். "வெளியவும் அப்படியேதான் இருந்துச்சு."

"அப்பவே ஏன் சொல்லல?"

"சொன்னா அன்னைக்கே முடிஞ்சுடும்ல. பம்ப் கெட்டது நல்லதாப்போச்சுன்னு இருந்தேன். உன் தம்பி இல்ல இல்லன்னு சொல்லச் சொல்ல எனக்கு நிம்மதியாத்தான் இருந்துச்சு."

அவளுக்கு அழுகை வரவில்லை. அவர் தன்னைத் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மூன்று பேரும் ஒன்றையே மறைத்து, ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்து, இருந்த கொஞ்ச வெளிச்சத்தையும் செலவழித்திருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் அவள் எழுந்து போய் மருந்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

பழைய வண்டிகளைச் சேர்த்து வைக்கிற ஒருவர் பிக்கப்பை வாங்கிக்கொண்டார். ஓட்டிக்கொண்டு போகவில்லை, இன்னொரு லாரியின் மேல் ஏற்றிச் சங்கிலி போட்டுக் கட்டிக்கொண்டு போனார். மெல்லக்காரர் அன்று பட்டறைப் பக்கம் வரவில்லை. கூட்டாளிக்கு மனசு கேட்காமல் சில நாள் அவரைத் தன்னோடு வேலைக்குக் கூட்டிப்போனான். சுவர்க் கடிகாரம், மீன் தொட்டி மாதிரி உடையக்கூடியவற்றை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து வருவார். ஒரு வீட்டில், கண் தெரியாதவரிடம் ஏன் இதைக் கொடுக்கிறீர்கள் என்று அவர் காதுபடவே கேட்டார்கள். மறுநாள் கூட்டாளி வந்து கூப்பிட்டபோது உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவன் கூப்பிடவில்லை. மச்சான் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவான். மூவரும் விலைவாசியைப் பற்றியும் தண்ணீர் வராததைப் பற்றியும் பேசுவார்கள். வேளை தவறாமல் சொட்டு மருந்து போட்டும், அடுத்த மழைக்குள் அந்தச் சாவித் துவாரமும் அடைபட்டுவிட்டது.

ஆனாலும் மாதம் ஒரு முறை டாக்டரிடம் போய்வந்தார்கள். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டு, வெளியே என்ன போகுது என்று கேட்பார். அவளுக்கு அதெல்லாம் சொல்ல வராது. "கடை, கடை, ஒரு மரம், மறுபடி கடை" என்பாள். "இப்படி வழி சொன்னா வண்டி எங்க போய் முட்டும்?" என்று அவர் சிரிப்பார். எந்தக் கடை, எந்தத் திருப்பம் என்று கேட்டுக் கேட்டுத் தெருவைத் தானே ஓட்டிக்கொண்டு வருவார்.

போன முறை அவர் கேட்கவில்லை. பாலம் தாண்டியதும் கேட்பார் என்று அவள் பார்த்தாள். சந்தை வந்தது, அப்போதும் கேட்கவில்லை. அவளே, மெதுவாக, இரும்புக்கடை, அதுக்கடுத்து மருந்துக்கடை, இந்தப் பக்கம் பூட்டின வீடு என்று சொல்ல ஆரம்பித்தாள். அவர் முகம் ஜன்னல் பக்கமே இருந்தது. ம் என்றுகூடச் சொல்லவில்லை. கேட்கிறாரா தூங்குகிறாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. இறங்குகிற இடம் வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள்.