பாடகர் குழு வாங்கிய மின்சாரக் கம்பெனி

என் கணவருக்கு இரண்டு விஷயங்களில் அசையாத நம்பிக்கை உண்டு. ஒன்று பரலோகம். இன்னொன்று செய்தித்தாளின் வியாபாரப் பக்கம். பரலோகத்துக்கு வரச்சொல்லி அவர் யாரையும் வற்புறுத்தியதில்லை.

அவர் ஆம்பூரில் வேதியியல் வாத்தியார். நான் ஒரு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிக் காகிதங்களைப் பார்க்கும் பிரிவில் இருந்தேன். இரண்டு சம்பளம், ஒரு மகள், வாடகை வீடு. இதற்குள் மின்சாரக் கம்பெனி எப்படி நுழைந்தது என்று கேட்டால், சர்ச் பாடகர் குழு வழியாக நுழைந்தது என்பேன். அவர் அதில் பேஸ், அதாவது அடிக்குரல், பாடுவார். பேஸ் பாடுகிறவர்களுக்கு வேலை கம்மி. மற்ற குரல்கள் ஏறி இறங்கி அல்லாடும்போது இவர்கள் ஒரே சுரத்தில் நின்றுகொண்டு தங்கள் முறைக்காகக் காத்திருப்பார்கள். அந்த ஓய்வில்தான் இவருக்கு இந்த மாதிரி யோசனைகள் வந்திருக்க வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கம்பெனி பங்கு விற்க வந்தது. உமி, வேர்க்கடலைத் தோல், வேலிக்காத்தான் கட்டை எல்லாவற்றையும் எரித்து மின்சாரம் எடுப்பார்களாம். ஆலை காவேரிப்பாக்கத்தைத் தாண்டி. ஒரு வெள்ளிக்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்ததும், பாட்டு எண் எழுதும் பலகையில் இவர் கொதிகலன் படம் போட்டு விளக்கினார். தோல் பதனிடும் ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, குப்பையிலிருந்து காசு வரும் என்பதை நம்ப வைக்க அதிக நேரம் ஆகவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள்.

குழுவை நடத்தியவர், வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லோருக்கும் அவர் மேட்ரனம்மா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தனியாக இருந்தார். ஆயுள் முழுக்க வார்டில் அதட்டிய குரல்; உச்சக்குரலில் சோப்ரானோ பாடும்போதுகூட யாரையோ படுக்கச் சொல்வது போலவே இருக்கும். கொதிகலன் படத்தை அவர் பார்க்கவே இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, நீ போட்றியா?"

"போட்றேம்மா."

"அப்ப நானும் போட்றேன்."

ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதியைப் போட்டுவிட்டார். அன்றைக்கு இவருக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து மூன்று தோசை அதிகம் சாப்பிட்டார்.

பங்குப் பத்திரங்கள் வந்ததும் இவர் செய்த முதல் காரியம், அவற்றை லாமினேஷன் செய்தது. வாத்தியார் வீட்டில் எந்தக் காகிதமும் லாமினேஷன் ஆகாமல் தப்பாது. மதிப்பெண் பட்டியல், ஞானஸ்நானச் சான்று, கல்யாணப் பத்திரிகை எல்லாம் ஒரே பளபளப்பு. குழுவில் எல்லோருடைய பத்திரத்தையும் வாங்கிப்போய் மொத்தமாகச் செய்து கொடுத்தார். அதனால் விலை நன்றாக ஏறியிருந்த ஒரு சமயத்தில், ஆண்களின் மேல்குரலான டெனர் பாடுகிறவர் ஒருவர் தன்னுடையதை விற்க வேலூருக்குப் போனபோது, பங்குத் தரகர், பின்பக்கம் பெயர் மாற்றி முத்திரை குத்த வழியில்லாத அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இத இனிமே ஃபிரேம் போட்டு மாட்டலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதற்கும் எங்கள் வீட்டில் ஒரு விளக்கம் இருந்தது. நல்ல பங்கை யாராவது விற்பார்களா?

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் கம்பெனிக்குள் சண்டை வெடித்தது. சேர்மனும் மேனேஜிங் டைரக்டரும் மாமன் மச்சான். சேர்மன், இனி காட்டாமணக்கு பயிரிட்டு டீசல் எடுக்கலாம் என்றார். மச்சான், உமியே போதும் என்றார். பிறகு காட்டாமணக்கும் உமியும் பின்னுக்குப் போய், யார் திருடன் என்பதில் வந்து நின்றது. இரண்டு தரப்பும் எங்களுக்குக் கடிதம் போட்டன. "அன்பார்ந்த பங்குதாரப் பெருமக்களே" என்று ஆரம்பித்து, ஈரமான உமியைத் தன் சொந்தக்காரனிடம் எடை போட்டு வாங்கிக் கம்பெனியை மொட்டையடித்தது அடுத்தவர்தான் என்று முடிந்தன. ஈரத்தோடு எடை போடுவது எங்களுக்குப் புதிதல்ல. தோல் மண்டியில் உப்பை உதறாமல் தராசில் ஏற்றுகிறவர்களோடுதான் நாங்கள் குடித்தனம் செய்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபை மண்டபத்தில் கூடி இரண்டு கடிதங்களையும் மாற்றி மாற்றிப் படித்தோம். படிக்கிற கடிதம் எதுவோ அதுவே நியாயமாகத் தெரிந்தது.

"ரெண்டு பேருமே யோக்கியனா இருக்கறாங்களே, அப்ப பணம் எங்க போச்சு?" என்றார் டெனர்.

"நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றார் என் கணவர்.

அடுத்த சனிக்கிழமை ஒரு வேன் பிடித்தோம். ஆம்பூர்க்காரர்கள் பிரியாணி இல்லாமல் துக்க வீட்டுக்குக்கூட வெளியூர் போக மாட்டார்கள் என்பதால், கம்பெனித் தணிக்கைக்கும் பொட்டலங்கள் கட்டிக்கொண்டோம். வழியெல்லாம் பாட்டு. காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் இறங்கிக் காற்று வாங்கினோம். ஆலை வாசலில் இறங்கும்போது எங்களைப் பார்த்தால், கம்பெனியைக் கணக்குக் கேட்க வந்தவர்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கேட் பூட்டியிருந்தது. வாட்ச்மேன் உள்ளிருந்து, "இன்னா வேணும்?" என்றார்.

"நாங்க பங்குதாரருங்க. உள்ள பாக்கணும்."

"ஆபீஸ்ல லெட்டர் வாங்கினு வாங்க."

இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாப்பா லெட்டர்? இந்தக் கம்பெனியே எங்களுது."

வாட்ச்மேன் ஒரு நிமிஷம் எங்களைப் பார்த்தார். பிறகு கேட்டுக்குப் பக்கத்தில் வந்தார். "அப்டீங்களா சார்? எனக்கு ரெண்டு மாசமா சம்பளம் வரல. குடுத்துட்டு உள்ள போங்க."

கம்பெனியின் உரிமையாளர்கள் எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மேட்ரனம்மா மட்டும் போய் ஒரு பிரியாணிப் பொட்டலத்தைக் கம்பிக்கு இடையில் நீட்டினார். அந்த வருஷம் அந்தக் கம்பெனியால் ஒருவருக்குக் கிடைத்த ஒரே டிவிடெண்ட் அதுதான் என்று நினைக்கிறேன்.

எதிரே புளியமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். புகைபோக்கி உயரமாக, சுத்தமாக, வானத்தைப் பார்த்து நின்றது. துளிப் புகை இல்லை. என் கணவர் பிரியாணியோடு வந்த கத்தரிக்காயைப் பிசைந்துகொண்டே அதை வெகுநேரம் பார்த்தார்.

"பாத்தீங்களா? பொகையே இல்ல. அவ்ளோ சுத்தமான டெக்னாலஜி."

எங்கள் ஊரில் என்றைக்குக் காற்று நாறவில்லையோ, அந்த வாரம் யாருக்கோ சம்பளம் இல்லை என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். திரும்பும்போது வேனில் பாட்டு இல்லை.

கம்பெனி இனி யார் கையில் என்று பங்குதாரர்கள் ஓட்டுப் போடும் பொதுக்குழு நெருங்க நெருங்க எங்கள் மதிப்பு ஏறியது. முதலில் சேர்மன் தரப்பிலிருந்து டை கட்டிய ஒருவர் ஆப்பிள் பையோடு வந்தார். கூட்டத்துக்கு வரமுடியாதவர்கள், தங்களுக்காக ஓட்டுப் போடச் சேர்மனுக்கு அதிகாரம் தரும் படிவம் ஒன்றை நீட்டினார். "தேதி மட்டும் வுட்டுடுங்க சார், நாங்க போட்டுக்கறோம்" என்றார். இவர் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் மச்சான் தரப்பிலிருந்து ஒருவர் கேக்கோடு வந்தார். அதே படிவம், அதே வார்த்தை. இவர் அதிலும் போட்டார்.

"இன்னாங்க இது, போன வாரம் அவருக்குப் போட்டீங்களே?" என்றேன்.

"வீடு தேடி வந்தவர் மனச நோகடிக்கலாமா?" என்றார்.

எங்கள் சபைக் கமிட்டித் தேர்தல் தெரிந்தவர்களுக்கு இது புரியும். இரண்டு அணியும் வீடு வீடாக வரும். இரண்டு அணிக்கும் டீ கொடுத்து, "உங்களுக்கு இல்லாம வேற யாருக்கு?" என்று சொல்லி அனுப்புவோம். இதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. வந்தவர்களும் நம்புவதில்லை. தேர்தல் முடிந்து எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டுமே, அதற்கான மரியாதை அது. பாடகர் குழு என்ன செய்வது என்று இவரிடம்தான் கேட்டது. "யாரையும் பகைச்சிக்க வேணாம்" என்று இவர் சொன்னார். பேஸிலிருந்து சோப்ரானோ வரை அத்தனை பேரும் இரண்டிலும் கையெழுத்துப் போட்டார்கள்.

சென்னையில் கூட்டம். இவரும் நானும் மேட்ரனம்மாவும் ரயிலில் போனோம். மேடையில் மாமனும் மச்சானும் இரண்டு ஓரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டை எண்ணுவதற்கு முன் ஓர் அதிகாரி எழுந்தார். ஒரே ஆள் இரண்டு தரப்புக்கும் கையெழுத்திட்டு, கடைசிவரை யாரும் தேதி போடாத படிவங்கள் ஒரு கட்டாக வந்திருப்பதாகவும், அவை அத்தனையும் செல்லாது என்றும் அறிவித்தார். எல்லாம் ஆம்பூர் பக்கத்திலிருந்து வந்தவை என்பதையும் விடாமல் சொன்னார். மண்டபம் சிரித்தது. அன்று காலையிலிருந்து முதல்முறையாக மாமனும் மச்சானும் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. பிறகு கையைத் தூக்கச் சொன்னபோது மேட்ரனம்மா இரண்டு பேருக்கும் தூக்கினார். என் கணவர் யாருக்கும் தூக்கவில்லை. மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மச்சான் ஜெயித்தார், மாமன் கோர்ட்டுக்குப் போனார். ஆலை பூட்டியபடியே கிடந்தது. பங்கை வாங்க ஆள் இல்லை. லாமினேஷன் மட்டும் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு இவர் பாட்டுப் பயிற்சிக்குப் போகவில்லை. தொண்டை சரியில்லை என்றார். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் எழுந்து வந்துவிடுவார். குழுவில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் பேஜாராக இருந்தது.

"எல்லாரையும் நான் பாத்துடுவேன். மேட்ரனம்மா மொகத்த மட்டும் எப்டிப் பாக்கறது?" என்று ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துச் சொன்னார். கேலி செய்ய வாயைத் திறந்த நான், தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டேன்.

டிசம்பர் வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் குழு வீடு வீடாகப் போய்ப் பாடும் வழக்கம். எங்கள் தெருவில் டிரம் சத்தம் கேட்டதும் இவர் உள் அறைக்குப் போய் விளக்கை அணைத்துவிட்டார். "தூங்கறேன்னு சொல்லிடு."

எல்லோரும் உள்ளே வந்து கூடத்தில் நெருக்கியடித்து நின்றார்கள். "தம்பி எங்க?" என்று மேட்ரனம்மா கேட்டார்.

"படுத்திருக்காரும்மா. தொண்ட..."

அவர் தலையாட்டினார். கையை உயர்த்தினார், பாட ஆரம்பித்தார்கள். அந்தப் பாட்டில் நடுவே ஓர் இடம் வரும். மற்ற குரல்கள் எல்லாம் அடங்கிவிடும். பேஸ் மட்டும் தனியாக எடுக்க வேண்டும், மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். குழுவில் இன்னொரு பேஸ் அண்ணன் இருந்தார், ஆனால் இவர் தொடங்கினால்தான் அவருக்குச் சுரம் கிடைக்கும். அந்த இடம் வந்தது. எல்லோரும் நிறுத்தினார்கள். பேஸ் அண்ணன் தரையைப் பார்த்தார்.

மேட்ரனம்மா உயர்த்திய கையை இறக்கவில்லை. வேறு யாரையும் எடுக்கச் சொல்லவும் இல்லை. அப்படியே நின்றார். கூடத்தில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அவர் மேல் கோபம்கூட வந்தது, ஒரு மனுஷனை இப்படியா சோதிப்பது என்று.

அப்போது உள் அறைத் திரைக்குப் பின்னால் இருட்டிலிருந்து என் கணவரின் குரல் வந்தது. முதலில் கரகரத்தது. சுருதியும் கொஞ்சம் கீழேதான். ஆனால் விடாமல் வந்தது. பேஸ் அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லோரும் சேர்ந்தார்கள், மேட்ரனம்மா கையை அசைத்தார். நான் சமையலறைக்குப் போய் டீயை வடிகட்டினேன். கண்ணில் நீர் முட்டியதால் பாதி டீ அடுப்பு மேடையில் போனது.

டீ குடித்து முடித்த மேட்ரனம்மா திரையைப் பார்த்து, வார்டில் கூப்பிடும் குரலில் கூப்பிட்டார். "தம்பி, சட்டையப் போட்டுனு வா. இன்னும் எவ்ளோ வீடு கெடக்குது."

கொஞ்ச நேரம் கழித்து இவர் வெளியே வந்தார். இருட்டில் போட்ட சட்டை, பொத்தான் மேலும் கீழுமாக மாறியிருந்தது. மேட்ரனம்மாவின் முகத்தைப் பார்க்காமல், "அம்மா, உங்க பணம்..." என்று ஆரம்பித்தார்.

"அது என் பணம் தம்பி. நான்தான் போட்டேன். நீ சட்டைய ஒழுங்கா போடு."

இவர் எல்லோர் முன்னாலும் நின்று பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார்.