காக்காவின் கடைவாய்ப் பல்

எங்கள் காக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஒரு வருடமாகிறது. அவருக்காகக் குர்ஆன் கத்தம் ஓத வந்திருக்கும் சொந்தங்களுக்கும் சிநேகிதர்களுக்கும் ஸலாம் கூறி, அவருடைய ஒரே தங்கச்சியாகிய நான் இதை எழுதுகிறேன். காக்காவைத் தபாற்கந்தோரில் பார்த்தவர்கள் அவரைத் தைரியசாலி என்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் எங்கள் வீடு அவருக்காக எவ்வளவு பயந்து கிடந்தது என்பதை அவர்கள் அறியமாட்டார்கள்.

காக்கா பிறந்தது கல்முனைக்குடியில், கடற்கரைக்கு இரண்டு வளவு தள்ளி. வாப்பா கரைவலைத் தொழில் செய்தார். காக்காவுக்குச் சுன்னத்துச் செய்தபோது ஐந்து நாள் இரத்தம் நிற்கவில்லை. உம்மாவின் தம்பி ஒருவர் சிறு வயதில் அப்படியே இரத்தம் போய் மௌத்தானவர். ஆகவே டொக்டர் சொல்லும் முன்பே உம்மாவுக்கு விளங்கிவிட்டது. அது இரத்தம் உறையாத நோய், பிறவியிலேயே வந்தது. விழுந்தால் காக்காவின் முழங்கால் வீங்கும். இடது கால் மடங்காமல் போனது அப்படித்தான். பால்பல் விழுந்த ஒவ்வொரு தடவையும் தலையணை சிவந்தது.

"பல்லுல சூத்தை வர விடாதீங்க. மத்தப் புள்ளைகளுக்குப் பல் புடுங்குறது சின்ன வேலை. இவருக்கு அது உயிர்ப் பிரச்சினை," என்று டொக்டர் உம்மாவிடம் சொல்லியிருந்தார். உம்மா அவருக்கு இனிப்பையே காட்டவில்லை. பல்லைச் சுற்றிய முரசில் காயம் படக்கூடாதென்று, ஈரச் சீலையை விரலில் சுற்றித் தானே பல் துலக்கிவிடுவார்.

அந்தக் காவலை உடைத்தவள் நான். குர்ஆன் ஓதப்பள்ளியில் கிடைக்கும் சீனி முட்டாயைச் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுப்பேன். விளையாட முடியாமல் வாசலில் இருப்பவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும். எனக்கு எட்டு வயது, அவருக்குப் பதின்மூன்று. கடைவாய்ப் பல் வலிக்கத் தொடங்கியதும் என்னிடம் மட்டும் சொன்னார்.

"உம்மாக்கிட்ட செல்லிராத புள்ள. புடுங்கினா நான் மௌத்தாயிருவன்."

ஒரு மாதம் இருவரும் மறைத்தோம். ஒரு நாள் காலையில் கன்னம் வீங்கிக் கண் மூடிவிட்டது.

அவர் கத்துவதைத் தாங்க முடியாத வாப்பா, அவரைத் தூக்கிக்கொண்டு சந்தையடியில் பல் பிடுங்குகிறவரிடம் ஓடினார். கிணற்றடியில் நின்ற உம்மாவுக்கு நான்தான் போய்ச் சொன்னேன். சந்தைப் பக்கமே போகாத உம்மா, முக்காடு சரியச் சரிய ஓடினார். குறடு காக்காவின் வாய்க்குக் கிட்ட வந்துவிட்டது. உம்மா அந்த மனிதரின் கையை எட்டிப் பிடித்தார்.

"உடுங்க! எண்ட தம்பிய மண்ணுக்குக் குடுத்திட்டன். இவனையும் குடுக்க ஏலா!"

வாப்பா அங்கேயே குந்திவிட்டார். "எனக்கு ஒண்டும் விளங்கல்ல. புள்ள கத்துறான்," என்று மட்டும் சொன்னார்.

அன்றே பஸ்ஸில் மட்டக்களப்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். விட்டுப்போக ஆளில்லாததால் என்னையும் கூட்டிப்போனார்கள்.

"புடுங்கினா ரத்தம் நிக்காது. விட்டா சீழ் பரவும். ரெண்டும் ஆபத்துதான்," என்றார் பல் டொக்டர். புதிய இரத்தம் ஏற்றிவிட்டுப் பிடுங்கிப் பார்க்கலாம் என்றார். உம்மாவின் இரத்தமும் வாப்பாவின் இரத்தமும் சேரவில்லை. பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்க்க வந்திருந்த காரைதீவுத் தமிழ் வயல்காரர் ஒருவர் எழுந்து வந்து சட்டைக் கையைச் சுருட்டினார்.

வாப்பா தயங்கினார். "உங்கள ஆரெண்டும் எங்களுக்குத் தெரியா..."

"பொடியன் சாகக் கிடக்கான். இதுக்குள்ள ஆர் எவரெண்டு பாக்கிறதா?"

அவருடைய இரத்தம் சேர்ந்தது. அதை ஏற்றிவிட்டுப் பல்லைப் பிடுங்கினார்கள். மறுநாள் மத்தியானம், வைத்திருந்த பஞ்சு ஊறி இரத்தம் வாயோரத்தால் நாடியில் வழிந்தது. காக்காவின் உதடு வெளுத்துப் போனது. நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, "நாந்தான் உம்மா சீனி முட்டாய் குடுத்த," என்று கத்திவிட்டேன். உம்மா திரும்பினார். அடி விழப்போகிறதென்று கண்ணை மூடினேன்.

"பிறகு அழு. இப்ப இந்தக் கோப்பையப் புடி," என்றார்.

காக்கா துப்பியதையெல்லாம் அந்தக் கோப்பையில் ஏந்திக்கொண்டு நின்றேன். என் சட்டையிலும் சிந்தியது. இந்த வயது வரை நான் அப்படிப் பயந்ததில்லை. வயல்காரர் ஊருக்குப் போய், இரத்தம் கொடுக்கத் தன் மச்சானையும் கூட்டிவந்தார். ஆறாம் நாள் இரத்தம் நின்றது.

காக்கா படித்துத் தபாற்கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தார். மணம் முடித்து மூன்று பெண்மக்களைப் பெற்றார். மூத்த மகளின் மகனுக்கும் அதே நோய் என்று தெரிந்த அன்றுதான் அவர் அழுததைக் கண்டேன். அடுத்த கிழமையே பேரனைப் பல் டொக்டரிடம் கூட்டிப்போனார். "நோகிறத்துக்கு முந்தியே வந்திட்டம்," என்றாராம். நெஞ்சு பலவீனமான பிள்ளை, வலிப்புள்ள பிள்ளை என்று எந்த வீட்டில் கேள்விப்பட்டாலும், நொண்டிக்கொண்டே போய், பல் நோக முந்தியே டொக்டரிடம் காட்டும்படி பெற்றவர்களிடம் சொல்வார்.

கடைசி மூன்று நாள் மூச்சு முட்டிப் படுத்திருந்தார். சுபஹுத் தொழுகைக்குப் பின், மக்கள் சூழ்ந்திருக்கக் கலிமாவுடன் அடங்கினார். அவரைப் பராமரித்த டொக்டர்மாருக்கும், ஜனாஸாவைச் சுமந்தவர்களுக்கும், காலமெல்லாம் அவருக்கு இரத்தம் கொடுத்தவர்களுக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்கட்டும்.

காரைதீவுக்காரரின் பெயரை, அந்தப் பயத்தில் எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இதை வாசிக்க நேர்ந்தால், எங்கள் வீட்டுக்கு வாருங்கள். வாசலில் நின்று விசாரிக்க வேண்டாம். நேரே உள்ளே வாருங்கள்.