முன்கூட்டியே போர்த்திய பொன்னாடை

"உவன் காத்தடிச்சாலே விழுந்துபோவான் அக்கா. உவனை எந்த ரீம் வச்சிருக்கும்?" என்று எங்கள் ஊர்ச்சங்கத் தலைவர் கேட்டது மல்வேர்னில் என் வீட்டுக் குசினி மேசையில் இருந்துகொண்டுதான். கையில் நான் பொரித்த மீன் ரோல். வயிறு மேசை விளிம்பில் முட்டிக்கொண்டிருந்தது. விளையாட்டைப் பற்றிக் கதைப்பதற்கு வயிறு ஒரு தடையில்லை என்பதை நான் இந்த நாட்டுக்கு வந்துதான் கண்டேன்.

அவர் சொன்னது என் பெறாமகனை. என் தங்கையின் மகன். இங்கே பிறந்து வளர்ந்தவன், இருபத்தாறு வயது. தன் உயரம் ஐந்தடி ஏழங்குலம் என்று சொல்லுவான். சப்பாத்தோடு அளந்திருப்பான் என்று நினைக்கிறேன். அவன் விளையாடுவது நம்மவர்களுக்குத் தெரிந்த உதைபந்து இல்லை. தலையில் கவசமும் தோளில் மெத்தையும் கட்டிக்கொண்டு, முட்டை மாதிரி ஒரு பந்தைக் கையால் எறிந்து கையால் பிடிக்கிற விளையாட்டு. அதற்கும் ஃபுட்போல் என்றுதான் பேர் வைத்திருக்கிறார்கள். அதில் இவன் ரிசீவர். ஒருவன் எறிவான், இவன் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். பிடித்தவுடன் குசினியில் நிற்கிற பிரிஜ் அளவில் இரண்டு பேர் வந்து இவன் மேலே விழுவார்கள். இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

மேற்கே ஒரு ரீமில் இருந்தான். உயரம் போதாது என்று கழித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இங்கிருந்து கார் ஓடிப் போகக்கூடிய தூரத்தில் உள்ள இன்னொரு ரீம் அவனைக் கூப்பிட்டது. எடுத்துவிட்டோம் என்று சொல்லவில்லை. பயிற்சி முகாமுக்கு வந்து ஓடிக் காட்டு, பார்த்துவிட்டுச் சொல்லுகிறோம் என்றார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் வடையைத் தின்றுவிட்டுச் சொல்லுகிற பதில் மாதிரித்தான் அதுவும்.

பக்கத்து நகரமான அஜக்ஸில் பெரிய வீடு வாங்கியிருக்கிற என் தங்கைக்கு இந்த விளையாட்டைக் கண்ணில் காட்டக்கூடாது. மகனுக்கு எலெக்ட்ரீசியன் வேலை பழக ஒரு இடம் பிடித்து வைத்திருந்தாள். "இந்த முறையும் கழிச்சா விட்டுடுறன் அம்மா, நீங்க சொன்ன வேலைக்கே போறன்" என்று அவன் தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தான். அன்று தொடக்கம் அவள் கோயிலில் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தத் தொடங்கினாள். பெற்ற பிள்ளை தோற்க வேண்டுமென்று மெழுகுதிரி கொளுத்திய தாயை மாதாவே முதன்முதலாக அப்போதுதான் கண்டிருப்பா.

தாய்க்கு முகம் கொடுக்க முடியாமல், முகாம் தொடங்கும்வரைக்கும் அவன் என் பேஸ்மென்ற்றில் இருந்தான். உப்பில்லாமல் அவித்த கோழியைத் தின்பான். நான் வைத்த இறால் குழம்பை மணந்து பார்த்துவிட்டு மூடி வைப்பான். அது எனக்குப் பெரிய அவமானம், ஆனாலும் பொறுத்துக்கொண்டேன்.

ஒருநாள் தலைவர் இருக்கும்போதே அவன் மேலே வந்து, குசினி நிலத்தில் ஓடிக் காட்டித் தன் விளையாட்டை விளங்கப்படுத்தினான்.

"இங்க பந்து வெளிக்கிட முதலே ரிசீவர் முன்னுக்கு ஓடி வரலாம் பெரியம்மா. அமெரிக்காவில அது ஏலாது. சோ, பந்து வெளிக்கிடேக்க ஐ ஆம் ஆல்ரெடி ரன்னிங். மைதானமும் இங்க அகலம். என்னைப் பிடிக்கிறது ஈசி இல்லை."

"பிடிச்சா?" என்று தலைவர் கேட்டார்.

"பிடிச்சா நோகும் அங்கிள்."

தலைவர் ஊரில் படித்துப் பட்டம் பெற்றவர். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். அவன் சொன்னது இரண்டு பேருக்கும் ஒரே அளவில்தான் விளங்கியது. நான் விளங்கவில்லை என்று சொன்னேன், அவர் தலையாட்டினார். வித்தியாசம் அவ்வளவுதான்.

அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் அவன் படத்தைப் பேஸ்புக்கில் போட்டு, பெரிய ரீமில் எங்கள் ஊர்ப் பிள்ளை என்று எழுதிவிட்டான். அடுத்த நாளே தலைவர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். காற்றடித்தால் விழுகிற பிள்ளை ஒரே இரவில் எங்கள் இனத்தின் பெருமையாகிவிட்டான்.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய கோயில் ஹோலில ஒரு பாராட்டு விழா. எல்லாம் ஒழுங்கு பண்ணியாச்சு அக்கா."

"அங்கிள், நான் இன்னும் ரீமிலயே இல்லை," என்றான் இவன்.

"அது பிரச்சினை இல்லைத் தம்பி. பிறகு ஹோல் கிடையாது. கலியாண சீசன்."

நான் வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் முன்வரிசையில் எனக்கும் ஒரு கதிரை என்றார்கள். கதிரை என்றால் நான் விடுகிறவள் இல்லை.

விழா எங்கள் விழாக்களைப் போலவே நடந்தது. மேடைக்குப் பின்னால் கட்டிய பனரில் பெறாமகனின் தலையை வெட்டி வேறு யாரோ ஒருவனின் உடம்பில் ஒட்டியிருந்தார்கள். அந்த உடம்பு வெள்ளையும் கறுப்புமான வட்டப் பந்து ஒன்றைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தது. கேக்கும் வட்டப் பந்துதான். அவன் அதை வெட்டினான். பொன்னாடையைக் கொண்டு வந்து தலைவர் போர்த்தினார். உயரமான பெரிய மனிதர்களுக்கென்று வாங்கி அடுக்கி வைத்ததில் ஒன்று. இவனுக்கு அது முழங்காலைத் தாண்டி நிலத்தில் இழுபட்டது. கேடயம் வாங்கத் திரும்பியவன் அதை மிதித்துத் தடுக்கி, விழாமல் ஒருமாதிரி நிமிர்ந்தான். சனம் கைதட்டியது. அன்றைக்கு அங்கே காட்டப்பட்ட ஒரே விளையாட்டு அதுதான்.

பிறகு தலைவர் பேசினார். "எங்கள் தம்பியின் பாதங்கள் பந்தை முத்தமிடும்போது" என்று தொடங்கினார். பந்தைக் காலால் தொடாத விளையாட்டுக்காரனைப் பற்றிப் பாயாசம் ஆறும்வரை பேசினார்.

என் தங்கை கடைசி வரிசையில் இருந்தாள். "அக்கா, இனி அவன் கழிபட்டா எல்லாருக்கும் எப்பிடி முகத்தைக் காட்டுறது? நீங்கதான் அவனைக் கெடுக்கிறியள்," என்று என் காதில் சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கும் இப்போது சிக்கல். அவன் தோற்கவும் வேண்டும், அது ஊருக்குத் தெரியவும் கூடாது.

பருவம் தொடங்குவதற்கு முன் ஒரு ஒத்திகை ஆட்டம் வைத்தார்கள். அதில் ஓடிக் காட்டுவதைப் பார்த்துத்தான் ஆட்களைக் கழிப்பார்கள். சங்கம் மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஒன்றைப் பிடித்தது. மட்டன் ரோல்ஸ், சோடா, மடித்த பனர் எல்லாம் ஏறியது. மைதானத்தில் இவனுக்கு ஒரு பந்து எறிந்தார்கள். ஒருவரும் பக்கத்தில் இல்லை. கையில் வந்து விழுந்த பந்தை அவன் விட்டுவிட்டான். பிறகு ஒன்றிரண்டு பிடித்தான், நன்றாகவும் ஓடினான். ஆனால் எங்கள் சனத்துக்கு அந்த விட்ட பந்துதான் கண்ணில் நின்றது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மிச்ச ரோல்ஸ் பெட்டியை ஒருவரும் திறக்கவில்லை. முன் இருக்கையில் இருந்த செயற்குழுக்காரர் ஒருவர் தலைவரிடம் மெல்லக் கேட்டார்: "குடுத்த கேடயத்தைத் திருப்பிக் கேக்கேலாதோ?"

"கேட்டா வடிவாயிராது," என்றார் தலைவர். "முதலில பேஸ்புக்கில போட்ட பனர்ப் படத்தை எடு."

நான் பின்னால் இருந்து, "படத்தில தலை மட்டும்தானே எங்கட பிள்ளையின்ர. உடம்பை விட்டுட்டுத் தலையை மட்டும் எடுங்கோ," என்றேன்.

கழிக்கிற நாள் வந்தது. காலையில் முகாமில் கதவைத் தட்டிக் கூப்பிட்டால் போச்சு, மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று அவன் சொல்லியிருந்தான். அன்று விடிந்ததும் தங்கை அஜக்ஸிலிருந்து வந்துவிட்டாள். மகனுக்குப் பிடித்த, கோழியோடு அரிசியைக் குழைய அவித்த புக்கையைக் கட்டிக்கொண்டு வந்தாள், உப்புப் போட்டு. அவன் இனி என்னவும் தின்னலாம் என்ற துணிவு.

இரண்டு பேரும் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அவள் நான்கு தரம் மேசையைத் துடைத்தாள். சுத்தமான மேசைதான்.

"நீ உண்மையில என்னத்தையடி கேக்கிறாய் மாதாட்ட?" என்றேன்.

"அவன் எலும்பு முறியாமல் வீட்டை வரவேணும். வேற என்னத்தைக் கேக்க? நீங்க அவன்ர முதுகைப் பாத்திருக்கிறியளே? அடிபட்டு ஒரே நீலம்."

நான் பார்த்திருந்தேன்.

போன் அடித்தது. என்னுடைய போன்.

"பெரியம்மா, அம்மா நிக்கிறாவோ?"

"நிக்கிறா. சொல்லு."

"வச்சிருக்கினம். ஐ மேட் இற்."

நான் சத்தமாகச் சொன்னேன். தங்கை கையில் இருந்த துணியோடு கதிரையில் இருந்தாள். பிறகு, "அவங்களுக்குக் கண் தெரியாதோ? அந்தப் பந்தை விட்டவனல்லோ," என்றாள். அதைச் சொல்லிவிட்டு அழுதாள். அது எந்த அழுகை என்று நான் கேட்கவில்லை.

முழுக்கதையை அவன் பிறகு எனக்குச் சொன்னான். அவனுக்கு மேலே இருந்த உயரமான ரிசீவர் ஒருவனுக்குக் கால் பிரண்டுவிட்டது. அவன் சுகமாகி வரும்வரைக்கும் இவன். வந்த பிறகு பார்ப்போம் என்றார்களாம்.

செய்தி கேட்டு அன்று மாலையே தலைவர் போன் எடுத்தார். படம் திரும்பப் பேஸ்புக்கில் ஏறிவிட்டது. வாழ்த்தெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அக்கா, வேலை பெர்மனன்ற்றோ?"

"தம்பி, இந்த ஊரில உங்கட தலைவர் பதவி ஒண்டுதான் பெர்மனன்ற்," என்றேன்.

முதல் ஆட்டத்துக்குச் சங்கம் பஸ் பிடிக்கவில்லை. பெர்மனன்ற் ஆகட்டும் என்று காத்திருந்தார்கள் போலும். நானும் தங்கையும் மட்டும் போனோம். அவள்தான் கார் ஓடினாள். பந்து கிளம்புவதற்கு முன்னரே அவன் ஓடத் தொடங்கினான். அவன் சொன்ன மாதிரியேதான். எறிந்த பந்து வந்தது, பிடித்தான். பிரிஜ் ஒன்று வந்து அவனைச் சாய்த்தது. என் பக்கத்தில் இருந்த தங்கை எழும்பி நின்று, "எழும்படா! எழும்படா!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். அவன் எழும்பி, பந்தை நடுவரிடம் கொடுத்துவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினான். அவளோ திரும்ப இருக்கவில்லை, நின்றுகொண்டே பார்த்தாள்.

அடுத்த பந்து அவனுக்கு வரவில்லை. எங்கள் ரீமிலேயே, எங்கள் பிள்ளையின் இடத்துக்குப் போட்டியாய் நிற்கிற நெட்டையன் ஒருவனுக்கு எறிந்தார்கள். அவன் அதைக் கைநழுவ விட்டான்.

மைதானமே "ஐயோ" என்று தலையில் கைவைத்தது. நானும் தங்கையும் கைதட்டினோம்.