வெற்றுப் பக்கத்தில் பன்னிரண்டு கையெழுத்து

1. மெஷின் போன காலை

காலை ஏழு மணிக்கு ராஜம்மாவிடமிருந்து போன்.

"அக்கா, நம்ம மெஷினக் காணமுங்க. மேஸ்திரி டெம்போவுல கட்டி இழுத்துட்டுப் போயிட்டாரு. கேட்டா, நீங்கதான எழுதிக் குடுத்தீங்கங்கறாரு."

மெஷின் என்றால் கான்கிரீட் கலவை மெஷின். மாதேஸ்வரன் மலைக்கு அருகே, தமிழ் பேசும் மார்டள்ளிப் பக்கத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்த, ராஜம்மா உள்ளிட்ட பன்னிரண்டு சித்தாள் பெண்கள், நான் வேலை பார்த்த தொண்டு நிறுவனத்தின் மூலம் ஒரு சேமிப்புச் சங்கம் நடத்தினார்கள். ஐந்து வருடம் கூலியில் பிடித்துவைத்துச் சேர்த்ததை அவர்கள் நகையாக்கவில்லை, இந்த மெஷினை வாங்கினார்கள். தலையில் சட்டி சுமந்தவர்கள் மெஷினை வாடகைக்கு விட்டார்கள். மழையில் வேலை நின்றுபோகும் நாட்களில் பன்னிரண்டு வீட்டு அடுப்பும் அந்த வாடகையில்தான் எரிந்தது.

மேஸ்திரி, சங்கத் தலைவி சாந்தியின் கணவர். தலைவி மனைவி என்றாலும் கூட்டத்தில் பேசுவது எப்போதும் இவர்தான். அதை அன்றே தடுக்காதது என் முதல் தப்பு. இரண்டாவது தப்பு அதைவிடப் பெரியது.

2. நடாவளி

சங்கத்தின் தீர்மானப் புத்தகத்தை மைசூரில் நடாவளி என்போம். வாரம் ஒரு கூட்டம், கூட்டத்துக்கு ஒரு பக்கம், அடியில் எல்லோருடைய கையெழுத்து. கன்னடத்தில்தான் எழுத வேண்டும், வங்கியில் அதைத்தான் பார்ப்பார்கள். அந்தப் பெண்களில் ஒருவருக்கும் கன்னடம் வாசிக்கத் தெரியாது.

வாராவாரம் கூட்டத்துக்கு உட்கார்ந்தால் அவர்களுக்கு அரைநாள் கூலி போகும். எனக்கோ நாற்பது சங்கங்கள். ஆகவே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். மாதம் ஒருமுறை போய் நான்கு வெற்றுப் பக்கங்களின் அடியில் கையெழுத்து வாங்கிவிடுவேன். அதன் கீழே 'சரிபார்த்தேன்' என்று நானும் போட்டுவிடுவேன். மேலே இருக்கும் இடத்தைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். சங்கங்களைத் தரம் பிரிக்கும் கிரேடிங்கில் என் புத்தகங்கள்தான் முதலிடம். எங்கள் மேனேஜருக்கு எல்லாம் தெரியும், பாராட்டுத்தான் கிடைத்தது.

"மேல ஒண்ணுமே எழுதலியேக்கா" என்று ராஜம்மா ஒருமுறை கேட்டாள்.

"நான் இருக்கேன்ல, போடு" என்றேன்.

புத்தகம் தலைவி வீட்டில் இருந்தது. மேஸ்திரிக்குக் கன்னடம் நன்றாக எழுத வரும். சங்கத்தால் மெஷினைப் பராமரிக்க முடியாததால் அதை மேஸ்திரிக்கே கொடுத்துவிடுவதாக ஒரு வெற்றுப் பக்கத்தில் எழுதிவிட்டார். அடியில் பன்னிரண்டு கையெழுத்து, அதற்கும் கீழே என்னுடையது.

3. அமாவாசை

அன்று மத்தியானமே எங்கள் ஆபீசில் எல்லோரும் கூடினார்கள். மேஸ்திரி புத்தகத்தை மேஜையில் விரித்துவைத்தார். பதற்றமே இல்லாத அந்த முகத்தைப் பார்த்து எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாந்தி தலை நிமிரவே இல்லை.

தீர்மானத்தின் தேதி என்ன என்று ராஜம்மா கேட்டாள். சொன்னேன். விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.

"அன்னிக்கு அமாவாசைங்க்கா. நாங்க ஒம்போது பேரு மாதேஸ்வரன் மலையில இருந்தோம். இங்க எப்படிக் கையெழுத்துப் போட்டிருப்போம்?"

அமாவாசைக்கு மலையேறாமல் அந்த ஊர்ப் பெண்கள் பெரும்பாலும் இருக்க மாட்டார்கள். மைசூரிலேயே வளர்ந்த மேஸ்திரி அதை யோசிக்கவில்லை. ஆனாலும் அவர் அசரவில்லை. மேடமே சரிபார்த்திருக்கிறாரே, அப்படியானால் மேடம் பொய் சொல்கிறாரா என்று கேட்டார்.

மேனேஜர் என்னைத் தன் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்தினார். கூட்டம் நடந்தது, தேதிதான் மாறிவிட்டது என்று சொல்லச் சொன்னார், பாதித் தமிழும் பாதிக் கன்னடமுமாக.

"வெறும் பேப்பர்ல சைன் வாங்கினேன்னு சும்னே வாயத் தெறக்காதீங்க மேடம். நாற்பது சங்கத்துக்கும் ஆடிட் வரும். உங்க ரிட்டயர்மென்ட்டுக்கு ரெண்டு வருஷம் இருக்கு, கொஞ்சம் அட்ஜஸ்ட் மாடி, அனுசரிச்சுக்குங்க."

பன்னிரண்டு பேரின் சோற்றைப் பறிப்பதற்கு அவர் வைத்த பெயர் அட்ஜஸ்ட். இவரோடு பதினெட்டு வருடம் வேலை பார்த்தோமே என்று வயிறு எரிந்தது. அதைவிட எரிச்சல், பக்கத்தைத் திறந்து கொடுத்தவள் நான்தான் என்பது.

வெளியே வந்து எல்லோர் முன்னாலும் அந்தப் பக்கத்திலேயே எழுதினேன். இந்தக் கையெழுத்துகள் வெற்றுப் பக்கத்தில் வாங்கப்பட்டவை, வாங்கியது நான், இதில் உள்ள தீர்மானம் செல்லாது. அதைத் தமிழிலும் கன்னடத்திலும் சத்தமாக வாசித்தேன். சாந்தி எழுந்து புத்தகத்தை எடுத்து ராஜம்மாவிடம் கொடுத்தாள்.

4. ஒரு ரசீது

மூன்றாம் நாள் மெஷின் திரும்பி வந்தது. எனக்கு மெமோ வந்தது. களப்பணியிலிருந்து எடுத்து, கடைசி இரண்டு வருடமும் என்னை ஃபைல் அடுக்க வைத்தார்கள். எல்லாம் தெரிந்திருந்த மேனேஜரை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இன்றும் அதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

மெஷின் வந்த அன்று, அதைப் பெற்றுக்கொண்டதற்குக் கன்னடத்தில் ரசீது எழுதி ராஜம்மாவிடம் நீட்டினேன். டெம்போக்காரர் அவசரம் என்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். கையெழுத்துப் போடும் இடத்தை விரலால் காட்டினேன், பழக்கதோஷம்.

அவள் பேனாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"மொதல்ல படிச்சுக் காட்டுங்க்கா."

எனக்குச் சுருக்கென்றது. பிறகு அவர்களோடு தரையில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். பன்னிரண்டு பேரும் கேட்டு முடிக்கும்வரை டெம்போ நின்றது.