நிதியமைச்சரின் ‘அன்புள்ள’

வெள்ளிக்கிழமை மத்தியானம் யோகேஸ்வரி அழுதுகொண்டே எங்கள் ஒபிஸுக்குள் வந்தாள்.

“அக்கா, என்ர மனிசனை வீசா இல்லையெண்டு பிடிச்சு வச்சிருக்கிறாங்கள். செவ்வாய்க்கிழமை திருப்பிக் கொழும்புக்கு பிளேனில ஏத்தப் போறாங்களாம். உங்கட ஐயா ஒரு கடிதம் குடுத்தா நிப்பாட்ட ஏலுமோ?”

‘ஐயா’ என்றது எங்கள் வட லண்டன் தொகுதி எம்.பி.யை. நான் டைப்பிஸ்டாகச் சேர்ந்தபோது நாடாளுமன்றத்தின் பின்வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவர். தொண்ணூறுகளில் நிதியமைச்சராகிவிட்டார். தலைவர் சிரித்தால் சிரிப்பார், இருமினால் தண்ணீர் நீட்டுவார். வேறு திறமை எதையும் நான் காணவில்லை.

உள்துறை அமைச்சருக்குக் கடிதத்தை அடித்தேன். யாழ்ப்பாணக் கச்சேரியில், அதுதான் மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பழகிய கை. அங்கே ஒரு எழுத்தைப் பேனாவால் திருத்தினாலும் கடிதம் முகத்துக்குத் திரும்பி வரும். அதனால் ‘அன்புள்ள’ முதல் ‘தங்கள் உண்மையுள்ள’ வரை எல்லாவற்றையும் அழகாக டைப் செய்தேன். மூத்த செயலாளர் அம்மா பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“மேலும் கீழும் வெறுமையாக விடு. அமைச்சர் அதைக் கையால் எழுதினால், இந்த ஆளுக்கு உதவி செய் என்று அர்த்தம். டைப் செய்திருந்தால், கேட்டார்கள், அனுப்பினேன், குப்பையில் போடு என்று அர்த்தம்.”

ஒரு மனிதனின் உயிரை என் சுத்தமான டைப்பிங்கே பிளேனில் ஏற்றியிருக்கும். இடம் விட்டு மறுபடி அடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன்.

நிதியமைச்சர் வாசிக்கவில்லை. பெயரை மட்டும் பார்த்தார். கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தந்தார். அவருடைய ஆங்கிலத்தைத் தமிழில் தருகிறேன்.

“மிச்சத்தை நீயே டைப் செய்துவிடு. இவர்களுக்கு ஓட்டுக் கிடையாதே.”

நாட்டின் கஜானாவையே நிர்வகிப்பவருக்குத் தன் தொகுதியில் யாருக்கு ஓட்டு உண்டு என்று தெரியவில்லை. கோபத்தில் எனக்குக் காது சூடானது.

“இருக்கு சேர். இலங்கைக்காரர் நாங்களும் கொமன்வெல்த் பிரஜைகள். வீசாவோடு இங்கே இருக்கும் எல்லோருக்கும் ஓட்டு இருக்கு. இந்தக் கடிதத்தில் இருப்பவருடைய மனைவிக்கும்தான்.”

அவர் நிமிர்ந்தார். “நீங்கள் எத்தனை பேர் இருப்பீர்கள்?”

“எண்ணிப் பார்க்கவில்லை சேர். கோயில் தேரன்றைக்குப் பொலிஸ் ரோட்டை மூடுகிறது.”

பேனா மூடி கழன்றது. ‘என் அன்புள்ள’ என்று கொட்டை எழுத்தில் எழுதினார். கீழே ‘என்றும் உங்கள்’. அதற்குக் கீழே ஒரு கோடு வேறு. பிறகு, தேர் எந்த மாதம் என்று கேட்டார். வெட்கம் கெட்ட மனிதர்.

திங்கட்கிழமை பின்னேரம் பயணத்தை நிறுத்திவிட்டதாக போன் வந்தது. மறுவாரம் யோகேஸ்வரி கணவனோடு வடைப் பெட்டியும் கொண்டு வந்தாள்.

“தெய்வம் மாதிரி மனிசன், அக்கா!”

தெய்வம் உள்ளே வடையைத் தின்றுகொண்டிருந்தது.

அன்று படித்த பாடத்தை ஓய்வு பெறும் வரை விடவில்லை. உதவி கேட்டு எந்தத் தமிழர் வந்தாலும் முதலில் வாக்காளர் பதிவுப் படிவத்தைத்தான் நீட்டுவேன்.

“அக்கா, நான் தம்பியின்ர வீசா அலுவலா எல்லோ வந்தனான்?” என்பார்கள்.

“ஓம், அதுக்குத்தான். முதல்ல இதை நிரப்புங்கோ.”