நடுவில் அடித்த வெயில்

காலையிலிருந்து ஊளையிட்ட புயல்காற்று சட்டென்று நின்றது. மருமகள் ஈரத்துணி வாளியோடு மாடிக்குக் கிளம்பினாள். எனக்குக் கல்லிடைக்குறிச்சி வீட்டின் உளுந்துமாவு வாசனை வந்தது.

அப்போது நான் சிறுமி. அத்தையின் கல்யாணத்துக்கு அம்மா இட்ட அப்பளமெல்லாம் கூடத்தில் ஈரமாகவே கிடந்தன. வெளியே இதே போன்ற புயல். தாமிரபரணி படித்துறையை முழுங்கிவிட்டது. அம்மாவின் கவலையோ அப்பளத்தில் பூஞ்சணம் பூத்துவிடுமே என்பதுதான்.

திடீரென்று காற்று அடங்கி வெயிலே அடித்தது.

"புயல் போயிடுத்து! பாயை விரிங்கோ!" என்று அம்மா கூவினாள். மாடிக்கு ஓடி, எல்லாவற்றையும் பரப்பி நிமிர்ந்தோம். காற்று திரும்பி வந்தது, இப்போது எதிர்த்திசையிலிருந்து. அத்தனை அப்பளமும் எழும்பித் தெருவைத் தாண்டிப் பறந்தது.

எதிர்வீட்டு மாமியும் அம்மாவும் வாசல் தெளித்த தண்ணீருக்காகச் சண்டை போட்டு, வருஷக்கணக்காகப் பேசுவதில்லை. மறுநாள் மாமி அப்பளக் குழவியும் பலகையுமாக வந்து நின்றாள்.

"உன் அப்பளமெல்லாம் எங்காத்துச் சுவர்லே ஒட்டிண்டிருக்குடீ. மாவைப் பிசை, கல்யாணத்துக்குள்ளே இட்டுடலாம்."

அம்மா பலகையைக் கையில் வாங்கிக்கொண்டாள். பிறகு, "உள்ளே வாங்கோ மாமி" என்றாள்.

கல்யாணப் பந்தியில், "நான் இட்டதாக்கும்" என்று இருவருமே இலைக்கு இலை சொல்லிக்கொண்டு போனார்கள்.

மாடிப்படியில் நின்ற மருமகளைக் கூப்பிட்டேன்.

"எதிராத்தோட நமக்கு ஏதாவது சண்டை இருக்கா?"

"இல்லையேம்மா. ஏன்?"

"அப்போ துணியை உள்ளேயே உலர்த்து."